முதல் காசு: தேய்ந்த 1911 பன்றி ரூபாயா, பளிச்சென்ற 1918 ரூபாயா?

அமராவதிக்கரை எழுதியது:

வணக்கம். ஆறேழு மாதமாக இந்தக் காசு சேகரிப்போர் மன்றத்தில் சத்தமில்லாமல் படித்துக்கொண்டிருந்தவன், இன்றைக்குத்தான் முதல்முறையாக எழுதுகிறேன். ஊர் கரூர் பக்கம். தாத்தா காலமான பிறகு சாமான்களைப் பிரித்தபோது என் பங்குக்கு வந்தது ஒரு பித்தளை வெற்றிலைப் பெட்டி. உள்ளே ஒரு 1862 விக்டோரியா ரூபாய், இரண்டு எட்வர்டு (1904, 1907), ஓட்டைக் காலணா ஏழு, அப்புறம் தாமரை போட்ட இருபது காசு ஒரு கைப்பிடி. அதைத் திறந்து திறந்து பார்த்தே பைத்தியம் பிடித்துவிட்டது. 1835 முதல் 1947 வரை ஒரு ரூபாய்க் காசுகளைச் சேர்க்கலாம் என்று இறங்கியிருக்கிறேன். பெரிய பணமெல்லாம் கிடையாது, இரண்டு மாதத்துக்கு ஒரு காசு வாங்கினால் அதிகம்.

சிக்கல் என்னவென்றால், பக்கத்து ஊர்க் கடைக்காரர் ஒருவரிடம் இரண்டு காசு பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 1911 ஐந்தாம் ஜார்ஜ், அதுதான் எல்லோரும் பன்றி ரூபாய் என்கிறார்களே அது. நன்றாகத் தேய்ந்திருக்கிறது, ராஜாவின் தாடி வழவழவென்று ஆகிவிட்டது, ஆனால் வருடம் தெளிவாகத் தெரிகிறது. இன்னொன்று 1918, அதே ராஜா, அதே வெள்ளி, ஆனால் நேற்று அடித்தது போல இருக்கிறது. இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே விலை சொல்கிறார். "தம்பி, பதினெட்டு எப்ப வேணும்னாலும் கிடைக்கும், பன்றி போனா வராது" என்கிறார். அவர் சொல்வதில் பொய் ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் இங்கே பழைய பதிவுகளைப் படித்தால் பாதிப் பேர் "நிலைதான் முக்கியம், தேய்ந்ததைத் தொடாதே" என்கிறீர்கள், மீதிப் பேர் "அரிதானதை விடாதே" என்கிறீர்கள். ஆரம்பிக்கிறவன் எதைக் கேட்பது?

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அந்த 1911இல் மேல் விளிம்பில், கிரீடத்துக்கு நேர் மேலே, கொஞ்சம் மங்கலாகச் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு இருக்கிறது. மற்ற இடமெல்லாம் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. அது ஏதாவது பிரச்சினையா?

---

ஓட்டைக்காலணா எழுதியது:

தம்பி, கடைசி வரியில் மறந்துவிட்டேன் என்று எழுதினீர்களே, அதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

கிரீடத்துக்கு நேர் மேலே மங்கலான திட்டு என்றால் பத்தில் ஒன்பது அது கொக்கி வைத்த காசு. நம் பக்கத்தில் இந்த வெள்ளி ரூபாய்களைப் பெண்கள் மாலையாகக் கோத்துப் போட்டிருந்தார்கள், குழந்தைக்கு அரைஞாணில் கட்டியிருந்தார்கள். அதற்காகப் பத்தர் பொடி வைத்து ஊதி ஒரு வளையத்தைப் பற்றவைத்துக் கொடுப்பார். ராஜா தலை நேராகத் தொங்க வேண்டும் என்பதால் வளையம் எப்போதும் தலைக்கு மேலேதான் வரும். பிற்பாடு காசுக்கு விலை வரும்போது யாரோ வளையத்தைப் பிடுங்கி, அந்த இடத்தை அரத்தால் ராவி, மொத்தக் காசையும் பாலீஷ் போட்டுவிடுவார்கள். அதனால்தான் தாடி வழவழவென்று தேய்ந்த காசு வெள்ளை வெளேரென்று இருக்கிறது. பல வருடம் கை மாறித் தேய்ந்த வெள்ளி அப்படி இருக்காது, பள்ளங்களில் கறுப்பு நிற்கும், மேடுகள் மங்கிய சாம்பலாக இருக்கும்.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும், அரிதா நிலையா என்று சண்டை போடுகிறவர்களில் பாதிப் பேர் இதைப் பிரிப்பதில்லை. தேய்மானம் வேறு, சேதம் வேறு. சந்தையில் புழங்கித் தேய்ந்த காசு நேர்மையான காசு. அதற்கு ஒரு கிரேடு உண்டு, ஒரு விலை உண்டு, பத்து வருடம் கழித்து விற்றாலும் வாங்க ஆள் உண்டு. பற்றவைத்தது, ஓட்டை போட்டு அடைத்தது, ராவியது, பாலீஷ் போட்டது எல்லாம் சேதம். அமெரிக்காவில் காசைப் பெட்டியில் அடைத்து எண் கொடுக்கிற பிசிஜிஎஸ், என்ஜிசி மாதிரி கம்பெனிகள் இருக்கின்றன இல்லையா, 1 முதல் 70 வரை மதிப்பெண். 1949இல் ஷெல்டன் என்பவர் அமெரிக்கச் செப்புக் காசுகளுக்காகப் போட்ட அளவுகோல் அது. அவர்களே இந்த மாதிரிக் காசுக்கு மதிப்பெண் கொடுப்பதில்லை. எண் போடாமல், கிளீன் பண்ணியது, பற்றவைத்தது என்று காரணத்தை எழுதி அனுப்பிவிடுகிறார்கள்.

அடுத்து, 1911 உண்மையிலேயே எவ்வளவு அரிது? கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ராஜாவின் அங்கியில் ஒரு சங்கிலி, அதில் ஒரு குட்டி யானை. தும்பிக்கை குட்டையாக விழுந்து, பார்க்கிறவர்களுக்குப் பன்றி மாதிரித் தெரிந்துவிட்டது. முஸ்லிம்கள் மனம் புண்படும் என்று பேச்சு எழுந்ததும் வெளியே விடுவதை நிறுத்தி, 1912இல் தும்பிக்கையை நீட்டித் திருத்தினார்கள். சுமார் 94 லட்சம் அடித்தார்கள், அதில் 7 லட்சம்தான் வெளியே போனது, மீதியை உருக்கிவிட்டார்கள் என்பது கணக்கு. 7 லட்சம் என்பது ஒரு ரூபாய்க் காசுக்குக் குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் கதை பிரபலமானதால் கையில் கிடைத்தவர்கள் எல்லோரும் எடுத்து வைத்துவிட்டார்கள். எந்தக் கண்காட்சிக்குப் போனாலும் நாலு மேசையில் பன்றி இருக்கும். போனால் வராது என்பது கடைக்காரர்களின் பல்லவி.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்த யானை இருக்கிற இடம் ராஜாவின் தோளுக்குக் கீழே, மார்புப் பக்கம், கொஞ்சம் மேடான பகுதி. காசு தேயும்போது முதலில் போவதே அதுதான். தாடி வழவழவென்று ஆன காசில் யானையும் இருக்காது, பன்றியும் இருக்காது, ஒரு சின்ன மேடு இருக்கும். அதாவது எந்தப் பன்றிக்காக வாங்குகிறீர்களோ அந்தப் பன்றி இல்லாத பன்றி ரூபாய்.

1918 கதையே வேறு. முதல் உலகப் போர் சமயம், காகிதப் பணத்தைக் கொடுத்து வெள்ளி கேட்டு ஜனங்கள் மொய்த்தார்கள், கொடுக்க வெள்ளி இல்லை. அமெரிக்கா அந்த வருடம் பிட்மன் சட்டம் என்று ஒன்றைப் போட்டு, தன் கஜானாவில் இருந்த வெள்ளி டாலர்களில் 25 கோடிக்கும் மேல் உருக்கி பிரிட்டனுக்கு விற்றது, அது இந்தியாவுக்காக. அதனால் 1917, 18, 19, 20 வருட ரூபாய்கள் எக்கச்சக்கம். பெட்டியில் போட்டுப் பூட்டியவையும் ஏராளம், எனவே நல்ல நிலையில் இன்றும் கிடைக்கின்றன. அரிது என்கிற பேச்சே இல்லை. ஆனால் ஆரம்பிக்கிறவருக்கு அதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. ஒரு குண்டு பல்புக்குக் கீழே அந்தக் காசை விளிம்பில் பிடித்து லேசாகச் சாய்த்துத் திருப்பிப் பாருங்கள். வெளிச்சம் ஓர் இடத்தில் நிற்காமல் காற்றாடி இறக்கை மாதிரி சுற்றிக்கொண்டு ஓடும். அச்சு அழுத்தியபோது உலோகம் வெளிப்பக்கமாக ஓடிய தடம் அது, ஒருமுறை போனால் எந்தப் பாலீஷாலும் திரும்ப வராது. பாலீஷ் போட்ட காசில் வெளிச்சம் கண்ணாடி மாதிரி மொத்தமாக அடிக்கும், லென்ஸ் வைத்தால் ஒரே திசையில் மயிரிழைக் கோடுகள் தெரியும். இந்த வித்தியாசத்தை உங்கள் கண் ஒருமுறை பழகிவிட்டால் அப்புறம் யாரும் உங்களை ஏமாற்ற முடியாது. அந்தக் கண் வருகிற வரைக்கும் அரிய காசுப் பக்கம் போகாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

நான் போனேன், அதனால் சொல்கிறேன். சேர்க்க ஆரம்பித்த இரண்டாவது வருடமே 1939 ரூபாய் ஒன்று வாங்கினேன். ஆறாம் ஜார்ஜ் ரூபாயிலேயே அரிது அதுதான். விற்றவர் பெயர் வேண்டாம். மூன்று மாதச் சேமிப்பு. நாலு வருடம் கழித்து ஒரு பெரியவர் லென்ஸில் பார்த்துவிட்டு, திரும்ப என் கையிலேயே வைத்து, "டீ சாப்பிடுங்க" என்றார். 1938இன் கடைசி எண்ணைச் சுரண்டித் திருத்தியது. இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

---

செப்புக்காசு எழுதியது:

அண்ணன் சொன்னதில் அந்த 1911ஐ விடச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் நிலைதான் முதலில் என்பதை எல்லாக் காசுக்கும் பொது விதியாக எடுத்துக்கொண்டால் நம் ஊர்க் காசுகளைச் சேர்க்கவே முடியாது.

நான் சேர்ப்பது சோழர், பாண்டியர், நாயக்கர் செப்புக் காசுகள். இவற்றை அச்சின் மேல் வைத்துச் சுத்தியலால் அடித்தார்கள், எந்திரம் கிடையாது. அச்சு பெரியது, செப்புத்துண்டு சின்னது, அதனால் அடித்த அன்றைக்கே எழுத்தில் பாதி காசுக்கு வெளியே போய்விட்டது. இதில் போய் புதுக்கருக்கு மாறாமல் இருக்கிறதா என்று கேட்டால் என்ன சொல்வது? நாங்கள் கேட்கிற கேள்வியே வேறு: எழுத்து படிக்க முடிகிறதா, யாருடைய காசு என்று சொல்ல முடிகிறதா, உருவம் நடுவில் விழுந்திருக்கிறதா. ஒரு நாயக்கர் காசில் அரசன் பெயரில் இரண்டு எழுத்து கூடுதலாகத் தெரிந்தால் அதற்காகச் சண்டை போடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். மேலே களிம்பு ஏறியிருந்தால் என்ன, ஒரு பக்கம் அரித்திருந்தால் என்ன.

அதே சமயம் பழையது என்றால் அரிது என்று நினைத்துவிடாதீர்கள், புதியவர்கள் விழுகிற முதல் குழி அது. ராஜராஜன் செப்புக் காசு, ஒரு பக்கம் நிற்கிற ஆள், இன்னொரு பக்கம் உட்கார்ந்த ஆள், கைக்குக் கீழே நாகரியில் ஸ்ரீ ராஜராஜ. ஆயிரம் வருடப் பழசு. அது எவ்வளவு கிடைக்கிறது தெரியுமா? நண்பர்களுடன் ஒரு நாள் ஓட்டலுக்குப் போகிற செலவில் எழுத்து தெரிகிற ராஜராஜன் ஒன்று வாங்கலாம். நூறு வருடம் கூட ஆகாத அந்த 1939 ரூபாய்க்கு எத்தனை ராஜராஜன் வாங்கலாம் என்று அண்ணனிடமே கேளுங்கள். காசுக்கு வயது விலை கொடுக்காது. எத்தனை மிஞ்சியிருக்கிறது, எத்தனை பேர் தேடுகிறார்கள், இந்த இரண்டும்தான்.

என்னைக் கேட்டால் இரண்டுக்கும் நடுவில் புதுக்கோட்டை அம்மன் காசு இருக்கிறது, சின்னஞ்சிறு செப்புக் காசு. ஒரு பக்கம் பிரகதாம்பாள், இன்னொரு பக்கம் தெலுங்கில் விஜய. சமஸ்தானத்தில் நவராத்திரிக்கு அரிசியோடு தானம் கொடுத்தது. பிற்காலத்தில் எந்திரத்தில் அடித்தது என்பதால் நல்ல நிலையிலும் கிடைக்கும், விலையும் கையைக் கடிக்காது. பிரிட்டிஷ் ரூபாய்தான் என்று முடிவு செய்துவிட்டீர்கள், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன். கரூரில் பிறந்தவர் ராஜாவின் தாடியையே பார்த்துக்கொண்டிருப்பது எனக்குக் கொஞ்சம் வருத்தம். ரோமானியக் காசே உங்கள் ஆற்றில் கிடைத்திருக்கிறது.

---

சில்லறை எழுதியது:

ஆற்றில் கிடைத்ததைப் பற்றிப் பேசும்போது 1878 புதையல் சட்டத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள் செப்பு. மண்ணிலிருந்து எடுத்தது பத்து ரூபாய்க்கு மேல் பெறும் என்றால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். நூறு வருடத்துக்கு மேற்பட்ட காசை வெளிநாட்டுக்கு அனுப்பவும் கூடாது, 1972 தொல்பொருள் சட்டம். "ஆற்று மணலில் நேத்து எடுத்தது சார்" என்று எவனாவது பையை அவிழ்த்தால் நடையைக் கட்டுங்கள். ஒன்று போலி, இல்லையென்றால் வம்பு.

அப்புறம் தம்பி, தாத்தா பெட்டி கிடைத்த செய்தி சொந்தக்காரர்களுக்குத் தெரிந்தால் யூட்யூப் வீடியோ அனுப்ப ஆரம்பிப்பார்கள். வைஷ்ணவி தேவி பத்து ரூபாய் பத்து லட்சம், டிராக்டர் போட்ட அஞ்சு ரூபாய் நோட்டு இருபது லட்சம், 1818 ராமர் பட்டாபிஷேகம் போட்ட கிழக்கிந்தியக் கம்பெனிக் காசு ஒரு கோடி. கடைசியாகச் சொன்னதைக் கம்பெனி அடிக்கவே இல்லை, பிற்பாடு எவனோ பித்தளையில் போட்ட வேடிக்கை. விற்றுத் தருகிறோம், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள் என்பார்கள். ரிசர்வ் வங்கி பெயரையும் முத்திரையையும் போட்டே கேட்கிறார்கள். எங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, நாங்கள் கமிஷன் கேட்பதில்லை என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் அறிக்கை விட்டது. என் பெரியம்மா அதற்கு அப்புறமும் கட்டினார்.

அரிதா நிலையா கேள்விக்கு என் பதில்: 1918.

---

அமராவதிக்கரை எழுதியது:

இவ்வளவு பேர் இவ்வளவு நேரம் எடுத்து எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை, நன்றி. பற்றவைத்த விஷயம் படித்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது, முன்பணம் கொடுக்கத்தான் இருந்தேன்.

இன்னொரு சந்தேகம், சிரிக்கக் கூடாது. தாத்தா பெட்டியில் இருந்த வெள்ளி ரூபாய் மூன்றும் கறுப்பாக இருந்தது என்று அம்மா போன தீபாவளிக்குத் திருநீறு போட்டுத் துலக்கிவிட்டார். ஓட்டைக் காலணாவைப் புளி போட்டு. இப்போது காலணா எல்லாம் புதுக் குத்துவிளக்கு மாதிரி ரோஸ் நிறத்தில் மின்னுகிறது. இது அந்தச் சேதக் கணக்கில் வருமா? திரும்பப் பழைய மாதிரி ஆக்க வழி உண்டா? தாமரை போட்ட அந்த இருபது காசுகளையெல்லாம் கடையில் வாங்கின சாதா பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறேன், அது பரவாயில்லையா?

---

ஓட்டைக்காலணா எழுதியது:

சிரிக்கவில்லை, என் வீட்டிலும் நடந்ததுதான். எங்கள் பாட்டி புளியோடு செங்கல் பொடியும் சேர்ப்பார்.

சேதக் கணக்குதான். புளியில் இருக்கிற புளிப்பு, செம்பின் மேல்தோலைத் தின்றுவிடும், அந்த ரோஸ் நிறம் தோலுரித்த நிறம். திருநீறு வெள்ளியில் மெல்லிய கீறல் போட்டிருக்கும், வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், தெரியும். திரும்ப ஆக்க வழி இல்லை. பழைய நிறம் வரவழைக்கிறேன் என்று கந்தகம், முட்டை மஞ்சள், அடுப்புப் புகை எல்லாம் முயற்சி செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அது இரண்டாவது சேதம். சும்மா விடுங்கள், இருபது முப்பது வருடத்தில் தானே கொஞ்சம் மங்கும். 1943லிருந்து 47 வரை அடித்த அந்த ஓட்டைக் காலணாக்கள் எக்கச்சக்கம் கிடைக்கின்றன (என் பெயரே அதுதான், நான் குறைத்துப் பேச மாட்டேன்). பணம் ஒன்றும் போய்விடவில்லை. 1862ம் அப்படியே. அந்த வருடத்தைப் போட்டே பத்துப் பன்னிரண்டு வருடம் அடித்தார்கள், குறைவே இல்லை. தாத்தாவின் காசைத் தாத்தாவின் காசாக வைத்துக்கொள்ளுங்கள், சேகரிப்புக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பிளாஸ்டிக் உறை: மெத்தென்று வளைகிற, ஒரு மாதிரி வாடை அடிக்கிற உறை என்றால் அது பிவிசி. இன்றைக்கே வெளியே எடுங்கள். நம் ஊர் வெயிலுக்கு அது உருகி வியர்த்து, காசின் மேல் பச்சையாக ஒரு பிசுபிசுப்பு படியும், விட்டால் உலோகத்தையே அரிக்கும். ஏற்கெனவே படிந்திருந்தால் சுத்தமான அசிட்டோனில் ஊறப்போட்டு எடுங்கள், தேய்க்க வேண்டாம், நகப்பூச்சு நீக்கி வேண்டவே வேண்டாம், அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துச் செய்யாதீர்கள். மைலார் உறை (பிவிசி கலக்காத பிளாஸ்டிக்) கேட்டு வாங்குங்கள், விலை கூடத்தான். சந்தைக்குப் போகும்போது ஒரு பத்து மடங்கு லென்ஸும் ஒரு சின்னத் தராசும் போதும். ரூபாய் 11.66 கிராம். தேய்ந்ததில் கொஞ்சம் குறையும், கூடவே கூடாது.

---

நல்லூரான் எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். செப்புக்காசு சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேணும். எங்கட பக்கம் கிடைக்கிற சேதுக் காசு, அதுதான் யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகள் விட்டது, ஒரு பக்கம் நந்தி இருக்கும், கீழே தமிழில் சேது என்று எழுத்து. என்னட்ட இரண்டு இருக்கு. ஒன்றில நந்தி முழுசாய் வடிவாய் இருக்கு, எழுத்தில பாதி இல்லை. மற்றதில நந்தியின்ர தலை போயிட்டுது, ஆனா சேது என்றது குழந்தைப் பிள்ளையும் வாசிக்கும். ஆர் வந்தாலும் இரண்டாவதைத்தான் கையில எடுத்துப் பார்க்கினம். நிலை என்றால் முழுக் காசின்ர நிலை இல்லை, எந்த இடம் முக்கியமோ அந்த இடத்தின்ர நிலை. ஓட்டைக்காலணா அண்ணை பன்றியைப் பற்றிச் சொன்னதும் இதே கதைதான் என்று நினைக்கிறன்.

உங்கட ராஜராஜன்ர நிற்கிற ஆள், இருக்கிற ஆள், அதே மாதிரியை வைச்சுத்தான் பொலன்னறுவை அரசர்களும் காசு அடிச்சவை. பராக்கிரமபாகு பெயரில, லீலாவதி அரசி பெயரில கூட இருக்கு. எழுத்து வாசிக்கத் தெரியாமல் வாங்கினால் எல்லாம் ஒன்றுதான். நான் முதல் வாங்கின அரசி காசு கடைசியில அரசியே இல்லை. ஒரு கிழமை நாகரி எழுத்துப் பழகியிருந்தால் அந்தக் காசு மிச்சம்.

அமராவதிக்கரை தம்பிக்கு ஒரு யோசனை. பன்றிதான் வேணுமென்றால் ரூபாயை விடுங்கோ. 1911 செப்புக் காலணாவிலையும் அதே ராஜா, அதே அங்கி, அதே பன்றி. தேய்மானம் குறைந்ததாய்ப் பார்த்து வாங்கலாம், வெள்ளி விலையும் அதுக்குள்ள இல்லை.

---

செப்புக்காசு எழுதியது:

எந்த இடம் முக்கியமோ அந்த இடத்தின் நிலை. இதை நான் பதினைந்து வருடமாகச் சொல்லத் தெரியாமல் திணறிக்கொண்டிருக்கிறேன், நல்லூரான் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

சில்லறை, சட்டத்தை நான் மறைக்கவில்லை. வாங்கின ரசீதைக் காசோடு சேர்த்தே வைக்கிறேன். ரசீது தராதவரிடம் வாங்குவதில்லை.

---

ஓட்டைக்காலணா எழுதியது:

1911 காலணா நல்ல யோசனை, எனக்குத் தோன்றவில்லை. தம்பி, செம்பு வாங்கும்போது பழுப்பு நிறமாகப் பாருங்கள், சாக்லேட் மாதிரி ஒரே சீராக. மின்னினால் வேண்டாம், ஏன் என்று உங்கள் வீட்டுக் காலணாவே சொல்லும்.

---

அமராவதிக்கரை எழுதியது:

பத்து நாள் கழித்து வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை லென்ஸ், தராசு, ஒரு டார்ச் எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன், கடைக்காரர் பார்த்துவிட்டு "என்ன தம்பி, ரெய்டா?" என்றார்.

1911ஐ முதலில் எடுத்தேன். 11.21 கிராம். கிரீடத்துக்கு மேலே அந்தத் திட்டு, லென்ஸில் பார்த்தால் மெழுகு உருகி உறைந்த மாதிரி இருக்கிறது. காசைப் பக்கவாட்டில் திருப்பி விளிம்பு வரிகளைப் பார்த்தேன், சுற்றிலும் வரி இருக்கிறது, அந்த இடத்தில் மட்டும் ஒரு சுண்டுவிரல் நகம் அளவுக்கு வரியே இல்லை, வழுக்கை. பன்றியைத் தேடினேன், அண்ணன் சொன்ன மாதிரியே ஒரு மேடுதான். கொக்கி எடுத்ததா என்று கேட்டேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை, "ஆமா, அதனாலதானே அந்த விலை, இல்லைன்னா ரெண்டு மடங்கு" என்றார். கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பாராம். இருக்கலாம்.

1918 வாங்கிவிட்டேன். கடைக்குள்ளேயே டார்ச்சில் பிடித்துத் திருப்பினேன், அந்தக் காற்றாடி சுற்றியது. என்னையறியாமல் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன், பக்கத்தில் நோட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவர் விலகி உட்கார்ந்தார். வீட்டுக்கு வந்து தாத்தாவின் 1904ஐயும் அதே மாதிரி திருப்பிப் பார்த்தேன், ஒன்றும் ஓடவில்லை, கோடு கோடாக அம்மாவின் திருநீறு தெரிந்தது.

கிளம்பும்போது காலணா இருக்கிறதா என்று கேட்டதற்கு ஒரு பிஸ்கட் டப்பாவைத் தள்ளினார், நீங்களே பொறுக்கிக்கொள்ளுங்கள் என்று. முக்கால் மணி நேரம். ஐந்தாம் ஜார்ஜ் காலணா எண்பதுக்கு மேல் இருந்தது, அதில் 1911 மூன்று. ஒன்று ஓட்டை, ஒன்று பச்சையாக அரித்தது, மூன்றாவது பழுப்பு, அண்ணன் சொன்ன அதே சாக்லேட். மார்புப் பக்கம் லென்ஸை வைத்தேன். பன்றியேதான். குட்டிக் கால், மொட்டை மூக்கு எல்லாம் தெரிகிறது. ரூபாய்க்குச் சொன்ன விலையில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை.

படம் நாளை போடுகிறேன், மொபைலில் சரியாக விழவில்லை. இரண்டையும் மேசையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போன நேரத்தில் அம்மா அந்தக் காலணாவை எடுத்துப் பார்த்துவிட்டு, "இது ஏண்டா இவ்வளவு கறுத்துக் கிடக்கு, குடு, ரெண்டு நிமிஷத்துல துலக்கித் தரேன்" என்றார்.

---

ஓட்டைக்காலணா எழுதியது:

காப்பாற்றினீர்களா இல்லையா?